மழைப் பேரேடு

'இனிமேல் மழை அளவுகளைக்
கீழே கையொப்பமிட்டுள்ள எனக்கு அனுப்பவும்,
முன்னவர் காலமாகிவிட்டபடியால்'
என்று தட்டச்சில் வந்திருந்தது.
முடிந்துபோன வாக்கியத்தின் வாலில்
ஓர் எச்சத்தில் கிடந்தார் மார்க்கண்டு.

பகாவில் அன்று சம்பள நாள்.
ஆபீஸ் வாசலில் சைக்கிள்கள்,
சீட்டுப் பணத்துக்கு நிற்கிற பெண்கள்,
ரொட்டிக்காரன் ஹாரன்.
யாரிடம் சொல்வது?
சொந்தமா என்பார்கள். இல்லை.
கூட வேலை பார்த்தவர் என்றால்
எந்த டிவிஷன் என்பார்கள்.

பதினேழு வருஷம்
மாதம் ஒரு தாள் நான் அனுப்ப,
மாதம் ஒரு தாள் அவர் திருப்ப.
கம்பெனியின் முப்பது தோட்டத்து மழையையும்
கோலக்கெட்டிலில் உட்கார்ந்து கூட்டியவர்.
என் ஏழு அவருக்கு ஒன்றாகத் தெரிகிறதாம்,
குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னார்.
இன்றைக்கும் பால் கணக்கு அட்டையில்கூட
என் ஏழு
இடுப்பில் கச்சை கட்டித்தான் நிற்கிறது.

முதல் நாலு வருஷம் நான் அவருக்கு 'ஐயா'.
பா. தவநிதி, கிராணி என்றால்
வேறு என்ன நினைப்பார்?
பிரசவ விடுப்பில்தான் குட்டு உடைந்தது.
அடுத்த தாளின் அடியில் சிவப்பு மை:
'பிழைதிருத்தம். இதுவரை ஐயா என வந்த இடமெல்லாம்
அம்மா என வாசிக்கவும்.
குழந்தை நலமா?
மார்ச் 12 மீண்டும் பார்க்கவும்.'

குரல் கேட்டதில்லை. போட்டோ இல்லை.
ஒல்லியா, வெற்றிலை போடுவாரா,
நடையில் வேகமா, தெரியாது.
பேனா அழுத்தம் தெரியும்,
தாளின் பின்பக்கம் தடவினால் தட்டுப்படும்.
கடைசி ஒரு வருஷம்
அவர் எட்டுகள் மூடாமல் வந்தன,
மேல் வளையம் திறந்தபடி.
கவனித்தேன்.
கேட்டு எழுதவில்லை.
எண்ணைத் திருத்துவது அவர் வேலை என்று
இருந்துவிட்டேன்.

மகளுக்கு டெங்கி வந்த வாரம்
ஆறு கட்டம் காலியாக அனுப்பினேன்.
மழை இல்லை, அதனால், என்று ஒரு குறிப்போடு.
எழுதினார்:
'மழை பெய்யாத நாளுக்குச் சைபர் போட வேண்டும்.
காலி என்றால்
யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள்.
தங்களுடையது எது?'
பார்க்கத்தான் போகவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன்,
என்று உள்ளதைச் சொன்னேன்.
ஆறு கட்டத்தையும் காலியாகவே பதிந்துகொண்டு
'நன்றி' என்றார்.
மறு தபாலில் மூன்று ஆரஞ்சு மிட்டாய்,
உருகி, உறையோடு ஒட்டி.

அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி.
நவம்பர் ஒன்பது, 14.2 ஆ, 41.2 ஆ?
இன்றைக்குத்தான் பழைய டைரியைப் புரட்டினேன்.
ஆத்தோர லயத்தில் தண்ணீர் ஏறி
கந்தாயியின் கோழிக்கூடு
கோழிகளோடு மிதந்து போன ராத்திரி அது.
நாற்பத்தொன்று.
நீங்கள் சந்தேகப்பட்டது சரி, ஐயா.
புதியவருக்கு அனுப்பினேன்:
'திருத்தம். கண்டுபிடித்தவர், வே. மார்க்கண்டு.'
அந்தப் பெயருக்கு அவருடைய படிவத்தில்
கட்டம் இருக்காது.

காலையில் பெரட்டு கலைந்ததும்
செம்பனைக்கு அந்தப்புறம் மழைமானிக்குப் போனேன்.
புனலைத் தூக்கினால்
உள்ளே ஒரு கட்டெறும்பு,
வழி தெரியாமல் சுற்றிக்கொண்டு.
எடுத்து விட்டேன்.
0.0 என்று எழுதினேன்.

அவர் போன தேதியை அந்தக் கடிதம் சொல்லவில்லை.
பிப்ரவரியில் இங்கே பதினெட்டுச் சைபர்.
விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்குகிறேன்.