நிரந்தரப் பாரம்

"வழமையா என்னத்த ஏத்துவீங்க மிஸ்?"
ஏறாவூர் முபீத் பாஸ் கேட்டபோது
என் ஹைலக்ஸ் பின்பக்கம் ஜக்கில் ஏறி
இரண்டு சில்லும் அந்தரத்தில் தொங்க நின்றது.
அடியில் படுத்து டோர்ச் அடித்தான் சில்மி.
ஐந்து வில்தகட்டில் மூன்றாவது உடைந்திருந்தது.
துரு, தேயிலைத்தூள் போல அவன் இமையில் கொட்டியது.

உயர்த்தலாம் என்றார், இரண்டு அங்குலம்.
அவுஸ்திரேலியா செட், மஞ்சள் நிறம், பெட்டி உடைக்காதது.
கல்லடிப் பாலத்தடியில் நிற்கிற பொடியன்கள்
அதைத்தான் போடுகிறார்களாம்.
கடற்கரை மணலுக்கு அப்பால் அவர்கள் போவதில்லை.
திங்கட்கிழமைக் கூட்டத்துக்குச்
சேலையோடு ஏறவேண்டியவள் நான்.

அல்லது ஜப்பான் ரீகண்டிஷன்.
ஒசாக்காவில் யாரோ முட்டை ஏற்றிய வண்டியின் ஸ்பிரிங்.
"முட்டையெண்டு எப்பிடித் தெரியும்?"
"சும்மா சொன்னன் மிஸ். ஆனா மெதுவா இருக்கும்."

அல்லது உள்ளதோடே ஒரு தகட்டைச் செருகி
யூ போல்ட்டை இறுக்கிவிட்டுப் போவது.
மலிவு. இன்றைக்கே முடியும்.
வெறும் வண்டியில் முதுகு கழன்றுபோகும்.

வழமையாக என்ன ஏற்றுகிறேன்?
நைதரசன் கலம் ஒன்று, முப்பத்தைந்து லீட்டர்.
உள்ளே, மறை நூற்றுத் தொண்ணூற்றாறு பாகையில்
எண்பது விந்துக் குழல்கள், உறங்கும் காளைகள்.
ஐஸ் பெட்டி. கயிறு. தோள்வரை ஏறும் கையுறை.
கரடியனாற்றில் மறித்து ஏறும் பால்காரர்,
அவருடைய கேன், கேனைப் பிடித்துக்கொள்ள அவர் மச்சான்.
ஒருமுறை, கால் முறிந்த நாம்பன் கன்று
வழியெல்லாம் பின்கண்ணாடியை நக்கிக்கொண்டு.

"ஐம்பது கிலோவா, ஐந்நூறா?"
ஸ்பிரிங் ஒரு கணக்குக்குத்தான் வளையும் என்றார்.
ஏதோ ஒரு பாரத்துக்கென்றே அதைச் செய்கிறார்கள்.
மற்ற நாட்களில் அது பொறுத்துக்கொள்ளும்,
அல்லது நாங்கள்.

மார்கழியில், உன்னிச்சை வாய்க்கால் கட்டில்,
மதகு உள்ளிறங்கி இருந்ததை நான் காணவில்லை.
பின்னச்சு டொங்கென்று அடித்தது.
கலம் சாய்ந்தது, மூடி கழன்றது.
கண்ணாடி நிறைய வெள்ளைப் புகை.
ஒரு கணம் அழகாகத்தான் இருந்தது.
இறங்கி ஓடுவதற்குள்
எண்பதும் வெறும் பிளாஸ்டிக்.

மாதவனையில் நேசதுரையின் மாடு
விடியலில் இருந்தே கத்திக்கொண்டு நின்றது.
அதன் வேட்கை பதினெட்டு மணித்தியாலம்.
தவறினால் இன்னும் இருபத்தொரு நாள்.
நேசதுரை ஒன்றும் சொல்லவில்லை,
விரலில் கணக்குப் பார்த்தார்,
எனக்குத் தெரியும்படி.
திணைக்களம் மூன்று கடிதம் கேட்டது.

"கலம் சாயக்கூடாது பாஸ். அவ்வளவுதான்.
உயரம் வேணாம்."
"எட்டுப் பேர் ஏறினா அடியில மோதும்."
"எட்டுப் பேரையும் இறங்கி நடக்கச் சொல்லுவன்."
அவர் சிரித்தார். சொல்லமாட்டேன் என்பது
இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் முட்டை ஸ்பிரிங்.
எண்ணெய் ஷொக் புதிதாக நாலு. றப்பர் புஷ் எட்டு.
அந்த எட்டுப் பேருக்காக அடிக்கட்டை றப்பர்
ஒரு விரல் கூடுதல் தடிப்பில்.
கேஸ் ஷொக்குக்கு ஒதுக்கிய காசில்
கலத்துக்கு இரும்புக் கூடு, நாலு மூலைக்கும் வார்.

அசர் பாங்கு கேட்ட நேரம் வேலை முடிந்தது.
சில்மி பம்பரில் ஏறிக் குதித்தான்.
வண்டி ஒருமுறை தாழ்ந்தது, ஒருமுறை எழுந்தது,
நின்றுவிட்டது.
வராத அந்த மூன்றாவது ஆட்டத்துக்குத்தான்
ஒரு லட்சத்து எழுபதாயிரம்.

அடுத்த கிழமை நேசதுரை கூப்பிட்டார்.
அதே மதகு. இரண்டாம் கியர்.
கண்ணாடியில் பார்த்தேன்:
கலம், பரீட்சை மண்டபத்துப் பிள்ளைபோல
அசையாமல் இருந்தது.

பட்டியடியில் நேசதுரை கயிற்றோடு நின்றார்,
முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.
"மிஸ்... ராவு
அங்கால பட்டி நாம்பன் வேலி பாய்ஞ்சிற்று."
மாடு அசைபோட்டபடி
என் புதுச் ஷொக்குகளைப் பார்த்தது.

திரும்புகையில் கரடியனாற்றில்
பால்காரர் கை காட்டினார். பக்கத்தில் மச்சான்.
அவர்களுக்குப் பின்னால், நிழலில்,
இன்னும் மூன்று பேர் எழும்பினார்கள்.
வண்டி மெதுவாகக் குந்திக்கொண்டது.