பேர்மிற் இரிக்கா

களுவாஞ்சிக்குடிக் கோட்டில் நான் தட்டச்சு.
சொல்வதையெல்லாம் அல்ல,
ஐயா பதியச் சொல்வதை மட்டும் அடிப்பேன்.

அரச காணி, ஒரு ஏக்கர் இருபது பேர்ச்.
மேற்கே வாவி ஒதுக்கு, கிழக்கே றோட்டு,
தெற்கே கலவன் பாடசாலை மதில்.
அதன்மேல் இரண்டு மாடி, நீலச் சீற்றுக் கூரை,
ஓர்கிட் இன்டர்நஷனல்.

தயாளசீலன் கூட்டில் ஏறினார்
கழுத்துப்பட்டி ஒரு பக்கம் சரிய.
கொண்டுவந்தது வரவுப் பதிவேடு.
"நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஐயா.
கிண்ணைப் பத்தை. மாரிக்கு முழங்கால் தண்ணி.
நாங்கதான் மண் கொட்டி நிரவினது.
வங்கிக் கடன் வேற..."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.
இந்தச் சட்டத்தில் நான் கேட்கக்கூடியது
ஒரே ஒரு கேள்வி:
செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா?
மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. இருந்தும்
கோட்டு முதலியார் குனிந்து கேட்டார்,
"பேர்மிற் இரிக்கா?"

"தாறதெண்டு சொன்னவங்க."
யார்?
ஒரு பெயர் சொன்னார்.
முன்வாங்கில் காணிக் கிளார்க்
தன் சப்பாத்தைப் பார்த்தார்.
பதிய வேண்டாம் என்றார் ஐயா.
விரலை எடுத்தேன்.

பின்வாங்கில் ஒருவர், யாரும் கூப்பிடாமல்,
எழும்பினார்:
"அது எங்கட புள்ளையளுக்கு
விளையாட்டுக்கெண்டு அளந்த காணி!
இப்ப இல்லப்போட்டி றோட்டுலதான்.
போன மாசியில நூறு மீற்றர் ஓடக்குள்ள
மண் ரிப்பர் ஒண்டு..."
பொலிஸ் அவரைத் தோளில் பிடித்து இருத்தியது.
அந்த வசனம் எங்கே முடிந்ததென்று
பதிவிலும் இல்லை, எனக்கும் தெரியாது.

கட்டளை பதினாலு வரி.
'பிரதிவாதியும் அவரில் தங்கியிருப்போரும்
அறுபது நாட்களுள் வெளியேற வேண்டும்.'
தங்கியிருப்போர் என்று அடிக்கையில்
அந்தச் சொல்லுக்குள்
நானூற்றுப் பன்னிரண்டு பேரும்
புத்தகப்பையோடு நெருக்கிக்கொண்டு போனார்கள்.
என் மூத்தவள் மூன்றாம் ஆண்டு பீ பிரிவு.
இளையவன் மதிலுக்கு அங்கால்,
இரண்டு பீஸ் கட்ட ஏலாது.
இதை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
மூன்று பிரதி எடுத்து, முத்திரைக்குக் கொடுத்தேன்.

வீட்டில் மேசையில் ஓர்கிட்டின் துண்டு:
அடுத்த தவணைப் பணம்
இருபதாம் திகதிக்கு முன்.
மடித்து அரிசிப் பேணிக்குக் கீழ் வைத்தேன்.
இளையவனின் வெள்ளைச் சப்பாத்தில்
றோட்டுத் தார்.
மண்ணெண்ணெய் தொட்டுத்
தேய்த்துக்கொண்டிருந்தேன்
கரண்ட் போகும்வரை.