காரணத்துக்கு முன்னால் வரும் சொல்

காரைக்கால் பாசஞ்சருக்காக
கொரடாச்சேரி கேட் மூடியிருந்த பத்து நிமிடத்தில்
தையல்நாயகி என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்தார்.
கையில் பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"மவன் கம்பெனிக்கு இங்கிலீசுல ஒரு லெட்டரு பாப்பா.
அப்பா செத்துட்டாரு, அனுப்பி வைங்கன்னு."

மை ஹஸ்பண்ட் வைரக்கண்ணு டைட்
என்பது வரைக்கும் விரல் தானாக ஓடியது.
அப்புறம் கர்சர் நின்று கண் சிமிட்டியது.

எதனால் என்று கேட்பதற்கு முன்பே
எந்தச் சொல்லை வைக்கப்போகிறாய் என்கிறது ஆங்கிலம்.
நோய் என்றால் ஆஃப்.
அடி, காயம், வெளியிலிருந்து வந்தது என்றால் ஃப்ரம்.
மழைக்கும் வெள்ளத்துக்கும் நிவாரண மனுவுக்கும் ட்யூ டு.
இந்தத் தையில் மட்டும் நாற்பது ட்யூ டு அடித்திருக்கிறேன்,
ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்.

நம்மிடம் ஒரே ஓர் ஆல்.
நெஞ்சுவலியால், மழையால், கடனால், உன்னால்.
எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம்.

சீட்டில் மாரடைப்பு என்றிருந்தது.
ஆஃப் போட்டேன்.

"என்ன எழுதுனே?"
"நெஞ்சடைச்சு இறந்துட்டாருன்னு."
"அது கடைசியில வந்தது" என்றார்.

பதினொரு நாள் கொள்முதல் நிலையத்து வாசலில்
நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருந்திருக்கிறார்.
முதல் நாள் ஈரப்பதம் பதினெட்டு.
ஒன்று கூட, காயவைத்துக் கொண்டுவா.
காயவைத்தார்.
மழை.
இருபத்திரண்டு.
தார்ப்பாய்க்கு நாள் வாடகை.
ஒன்பதாம் நாள் குவியலின் ஓரத்தில் பச்சை தெரிந்தது,
நாற்றங்காலில் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.
ஒவ்வொரு முளையாகக் கிள்ளிப் போட்டாராம்.
சாப்பிட வா என்றதற்கு
இன்னும் கொஞ்சந்தான் என்றாராம்.

ஆஃபை அழித்தேன்.
ஃப்ரம் என்றால், எங்கிருந்து?
முளையிலிருந்தா, மீட்டரிலிருந்தா?
அழித்தேன்.
ட்யூ டு போட்டதும் கடிதம் மனுவாகிவிட்டது,
வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு வாய் பிளந்தது.
அட் என்றும் ஒன்று இருக்கிறது,
பார்த்த கணத்தில் வருவதற்கு.
வியப்புக்கு அதைப் போடலாம், சிரிப்புக்கு, அதிர்ச்சிக்கு.
சாவுக்குப் போட இலக்கணம் விடாது.

கேட் திறந்தது. நெல் லாரி ஒன்று
கடையை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனது.

"காரணத்த விடு பாப்பா" என்றார்.
"காரியத்துக்கு வரணும் அவன்."

சீட்டோடு பொருந்தாவிட்டால் லீவு கிடைக்காது.
ஆஃபையே திரும்பப் போட்டேன்.
அவரிடம் சொல்லவில்லை.

"இன்னொண்ணு எழுது. அவன் மேல எனக்குக் கோவம்னு.
அந்த வாரம் பூரா அவரு போன் போட்டாரு.
இவன் எடுக்கல."

கம்பெனி லெட்டரில் அதெல்லாம் வராதும்மா.
"வரும். எழுது."

நமக்குக் கோபமும் மேல்தான், பாசமும் மேல்தான்.
ஆங்கிலத்தில் காரியத்தின் மீது என்றால் அட்,
ஆளின் மீது என்றால் வித்.
வித் என்றால் உடன்.
ஆங்க்ரி வித் மை சன்.
தோஹாவில் எட்டுப் பேர் படுக்கும் அந்த அறையில்
மதியரசன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிற கோபம்.
இந்த ஒன்றை மட்டும் நான் அழிக்கவில்லை.

ஸ்கேன், மெயில், எல்லாம் சேர்த்து முப்பது.
ஐம்பது கொடுத்தார், மீதியை எண்ணி வாங்கினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது, நாலு வரி.
வருத்தத்துக்கு ஃபார் போட்டிருந்தார்கள், சரியாக.
கோபத்தைப் பற்றி ஒன்றுமில்லை.
பதினைந்து நாள் லீவு.
கடைசியில், வித்அவுட் பே.

அந்த வித்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்
பிரிண்டரில் தாள் வைக்க மறந்துவிட்டது.

போன் செய்தேன்.
"வர்றானா?"
"வர்றான்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எதுல வர்றானாம்?"

ஃப்ளைட்டுக்கு பை.
அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.