இணைப்பு மூன்று: இடது முன்னங்கால்

காப்பீட்டுக் கம்பெனி கேட்டது எளிது.
வேர்ட் கோப்பு ஒன்று. படங்கள் உள்ளேயே இருக்க வேண்டும்.
இரண்டு மெகாபைட்டைத் தாண்டக் கூடாது.
வெள்ளி மாலை ஐந்துக்குள் மொன்டெவிடியோ வந்து சேர வேண்டும்.

வெள்ளி, மணி மூன்று.
துராஸ்னோவில் மழை. யீ ஆறு பாலத்தை முட்டிக்கொண்டு ஓடுகிறது.
சுரைக்குடுக்கையில் மாத்தே ஆறிவிட்டது.
செருகு என்கிறேன், படம் என்கிறேன்,
குதிரையின் காலைக் காட்டுகிறேன்.
இந்த வகைக் கோப்பை நான் அறியேன் என்கிறது
எட்டு வருஷமாக என்னோடு குப்பை கொட்டும் கணினி.

அறியாதுதான்.
எக்ஸ்ரே கருவி தன் படத்தை
தனக்கு மட்டும் புரியும் உறையில் போட்டு மூடும்.
உறைமேல் பெயர், வயது, எத்தனை கிலோவோல்ட்,
எடுத்த நேரம் நொடி சுத்தமாக.
செனிசா. பெண். ஒன்பது வயது.
எங்கள் பேச்சில் செனிசா என்றால் சாம்பல்.
தொண்ணூறு கிலோமீட்டர் பந்தயத்தில்
எழுபத்து நாலாவதில் முன்னால் மடிந்தாள்.

பிழை அதேமாருடையது என்கிறார் சொந்தக்காரர் எட்செவர்ரி.
கடிவாளம் பிடிக்கத் தெரியாத பயல்,
பள்ளத்தில் இறக்கிவிட்டான்,
சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்.
அதேமார் ஒன்றும் சொல்லவில்லை.
லாயத்துக்குப் பின்னால் சேணம் கழுவிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே கழுவிய சேணம்.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன்.
ஜேபெக் ஆக்கு என்றேன். ஆக்கியது.
செருகினேன்.
நான்காம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது
அழகான, ஆரோக்கியமான ஒரு கால்.

விரிசலைக் காணோம்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்கச் சதுரங்கள்தான் வந்தன.
எலும்பு வெள்ளை வெளேரென்று,
தேர்தலுக்கு முன்தினம் சுண்ணாம்படித்த சுவர்.

கருவிக்கு நாலாயிரத்துச் சொச்சம் சாம்பல் தெரியும்.
இந்தப் படம் இருநூற்று ஐம்பத்தாறோடு கையை உதறிக்கொள்கிறது.
மிச்சத்தை எங்கே கொட்டினாய் என்றால் அதற்கே தெரியாது.
கொட்டிய சாம்பலில்தான் இருந்தது விரிசல்,
அதைச் சுற்றி மெல்லிய மூட்டமாகப் புது எலும்பு;
பந்தயத்துக்கு மூன்று வாரமாவது முந்தியது.
மூன்று வாரம் அந்தக் காலோடு ஓடியிருக்கிறாள்.
ஓட்டியிருக்கிறார்கள்.

இப்படியே அனுப்பலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.
வாக்கியத்தில் விரிசல் இருக்கும், படத்தில் இருக்காது.
எட்செவர்ரியின் வக்கீல் வாக்கியம் படிக்கமாட்டார்.

மறுபடி மூலக் கோப்பு.
எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பல் வரை பார்ப்பது,
அந்த இடைவெளிக்கு எங்கள் தொழிலில் ஜன்னல் என்று பெயர்.
ஜன்னலை ஒருக்களித்தேன்.
தசை இருண்டது, தோலின் விளிம்பு போனது.
இன்னும் கொஞ்சம் ஒருக்களித்தேன்.
மயிரிழை. கறுப்பு.
அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பிஎன்ஜி ஆகச் சேமித்துச் செருகினேன்,
பக்கத்தில் சிவப்பு அம்பு வரைந்தேன்.
மேலே ஒரு பத்தியில் ஒரு கமா சேர்த்ததுதான் தாமதம்,
அம்பு அடுத்த பக்கத்துக்குத் தாவி
என் கட்டண விவரத்தைச் சுட்டிக்காட்டி நின்றது.
தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.
பிறகு அம்பைப் படத்துக்குள்ளேயே வரைந்தேன்;
இனி அது போனால் காலோடுதான் போகும்.

இரண்டு புள்ளி மூன்று மெகாபைட்.
முதல் பக்கத்திலிருந்து என் மருத்துவமனைச் சின்னத்தை,
அந்தத் துள்ளும் குதிரைக்குட்டியை,
எடுத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது.

அப்போதுதான் கவனித்தேன், உறை கிழிந்திருக்கிறது.
வகை மாறியதில் பெயர் போயிற்று, வயது போயிற்று,
நொடி சுத்தமான நேரமும் போயிற்று.
யார் காலாகவும் இருக்கலாம் இப்போது இது.
படத்துக்குக் கீழே கர்சரை வைத்துக் கையால் தட்டினேன்:
செனிசா. பெண். ஒன்பது வயது.

நாலு ஐம்பத்திரண்டு.
அனுப்பு என்றேன்.
வட்டம் சுற்றுகிறது, மழை பெய்கிறது,
இன்னும் சுற்றுகிறது.