நாலு பேர் அளவு

கத்திரி வெயிலில் கம்பளி நூல் கேட்டதும்
லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்
காய்ச்சலா என்பதுபோல் முகத்தைப் பார்த்தார்.
பரணில் ஏறித் தூசி தட்டிக் கொடுத்தது எட்டு உருண்டை.
ஐந்து பச்சை.
மற்ற மூன்றும் பச்சைதான், ஆனால் அது வேறு பச்சை.

மே மாதக் கடலூரில் ஸ்வெட்டர் தேவைப்படுகிறவன்
என் வீட்டில் இருக்கிறான்.
பேர் அஞ்சாப்புலி.
துறைமுகத்து இறால் கம்பெனியில் குளிர் ரூம்,
மைனஸ் பதினெட்டு, ராத்திரி ஷிப்ட்.
கம்பெனி கோட்டுக்கு ஜிப் போய் ஒரு வருஷம்.
ஊரே விசிறியைத் தேடுகிற காலையில்
வந்ததும் அடுப்போரம் உட்காருவான்.

போனில் பார்த்துப் பார்த்துப் பின்னினேன்.
அந்த வீடியோ அம்மா கணக்கில்
இரண்டு தோளுக்கும் ஒரே எண்ணிக்கை.
அவர் வீட்டில் யாரும் பெட்டி தூக்குவதில்லை போலிருக்கிறது.
இவனுக்கு வலது தோள் திமில் மாதிரி.
அந்தப் பக்கம் மட்டும் ஆறு கண்ணி கூட்டினேன்.
முதுகு இழுத்தது.
பிரித்தேன்.

பிரித்த நூல் சுருள் சுருளாக விழுந்தது.
நூடுல்ஸ் என்றான் பையன்.
ஆவி காட்டி, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு,
மறுபடி முதலிலிருந்து.
கரண்ட் போனால் நூல் விரலில் ஒட்டும்,
ஊசி வியர்வையில் வழுக்கும்.
ஒரு ஊசி தொலைந்தே போனது;
சைக்கிள் கம்பியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து
மற்றதற்கு ஜோடி ஆக்கினேன்.
முதல் பச்சை தீர்ந்த இடம் அக்குளுக்குக் கீழே.
கையைத் தூக்கினால்தான் தெரியும்.
அவனுக்கோ
ராத்திரி முழுக்கக் கையைத் தூக்குகிற வேலை.

ஆனி பிறந்ததும் போட்டுக்கொண்டு போனான்.
பத்தாம் நாள் துவைக்க எடுத்தேன்.
இடது கை விளிம்பில் மூன்று மடிப்பு,
ஒரு ஊக்கு.

அவன் கைக்கு மடிக்க வேண்டியதே இல்லை.
எட்டு வரிசைக்கு ஒரு குறைப்பு,
நானே எண்ணிய கை அது.

ஊக்கைத் தொட்டி விளிம்பில் வைத்தேன்.
சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன்.
"யாருது?"

மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான்:
"உள்ள ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போவோம்ல.
இருபது நிமிஷம்தான்.
வெளிய வர்றவங்க கழட்டிக் குடுக்கணும்.
ஒரிசாப் பொண்ணு ஒண்ணு, பசந்தி, சின்னக் கை.
பரங்கிப்பேட்டை ஜாபர் பாய், அவருக்குத் தொப்பை.
இன்னொரு பையன், பேரு வாயில நுழையல."

கோபம் வந்தது.
ஒருத்தனுக்காகத்தானே
ஒரு தோளுக்கு மட்டும் ஆறு கண்ணி.
நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பார்கள்.
இந்த நாலு பேர் பேசவில்லை,
ஆளுக்கொரு பக்கம் இழுத்து வைத்திருந்தார்கள்.

மதியம் முன்பக்கத்தை மட்டும் கழற்றிப் பிரித்தேன்.
இரண்டு பாதியாகப் பின்னி
இரண்டு வரிசைப் பொத்தான் வைத்தேன்.
ஓரத்து வரிசை ஜாபர் பாய்க்கு.
கை விளிம்பு மேலும் கீழுமாகக் கெட்டிப் பின்னல்,
மடித்தாலும் நிற்கும், ஊக்கு வேண்டாம்.
பேர் நுழையாத பையனுக்கு எது இடிக்கும், எது தொங்கும்,
எப்படித் தெரியும்?
கழுத்தில் இரண்டு கண்ணி தளர்த்தினேன்.
வலது தோளை நான் தொடவில்லை.
மற்ற மூவருக்கும் அது தொளதொளவென்றுதான் இருக்கும்.
இருக்கட்டும்.

பொத்தான் நிற்கிறதா பார்க்க நானே மாட்டினேன்.
மூன்று மணி வெயில், கரண்ட் இல்லை.
துவைத்தும் போகாத இறால் வாடை,
எங்கள் வீட்டில் வாங்காத கடுகெண்ணெய்.
வியர்த்துக் கொட்டியது.
கழட்டப் போன கை நின்றது.
இருபது நிமிஷம் ஆகட்டும் என்று
கடிகாரத்தைப் பார்த்தேன்.