மூன்று இழுப்பு

பழைய உப்புக் கிடங்குக்கு வெள்ளையடித்து
ஏசி மாட்டியிருக்கிறார்கள்.
டிக்கெட் நாற்பது.
நாற்பதா என்று இரண்டு முறை கேட்டான் எத்திராஜ்,
இடது காது அவனுக்கு இல்லை.

வெள்ளிக் காசுகளைப் பரப்பியிருந்த மணல்
லாரி மணல், ஒரு கிளிஞ்சல்கூடக் கிடையாது.
சீனத்துப் பீங்கான்.
தந்தச் சீப்பு ஒன்று, பல் எண்ணினேன், பதினொன்று மிச்சம்.
எதிலும் நாற்றமில்லை.
நம்ம கடலில் எடுத்ததென்று எப்படி நம்புவது?

மணியிடம் வந்ததும் நின்றுவிட்டான்.
வெண்கலம். விளிம்பில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல்.
"என் கடப்பாரைடா அது."

எண்ணூருக்கு நேர் கிழக்கே, பதினாறு பாகம்.
படகில் கம்ப்ரசர் துடிக்க
அவன் வாயில் கடித்திருந்த குழாய்
மேலே என் கையில்.
ஒரு இழுப்பு என்றால் தளர்த்து.
மூன்று என்றால் தூக்கு.
காசிமேட்டுக் காயலான் கடையில்
கிலோ இருநூற்றுப் பத்து,
பாசிக்கு அரைக் கிலோ கழித்தார்கள்.
அந்த வாரம்தான் காது போனது.

அட்டையில் அச்சடித்திருக்கிறது:
கண்டெடுத்தவர் விவரம் இல்லை.

விரலால் கண்ணாடியைத் தட்டினான்.
காவலாளி கத்தியது இடப்பக்கம்.
மறுபடி தட்டினான்.
ஸ்கூல் பிள்ளைகள் வரிசை கலைந்து வேடிக்கை பார்த்தது.
இவன்தான் எடுத்தவன் என்று
நான் சொல்லியிருக்கலாம்.
கேட்டால் அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்
என்பார்களே.

அப்போது என் மணிக்கட்டைப் பிடித்து
இழுத்தான்.
இன்னொரு தரம்.
இன்னொரு தரம்.

வாசல் வரைக்கும்
மெதுவாகத்தான் கூட்டிவந்தேன்,
படிக்குப் படி நிறுத்தி.

அன்றைக்குக் கரையில் போலீஸ் படகு தெரிந்தது,
அவசரப்பட்டுவிட்டேன்.