பற்றுவாய்

செவ்வாய்க்கிழமை மட்டும், இரண்டு மணி நேரம்.
வெள்ளைக் கையுறை. ஃபிளாஷ் கூடாது.
திருமதி ஃபென்ஸ்டர்மாக்கர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டு
எதிரில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்.
நான் அளப்பேன்.

வாயில் தடித்து, நடுவில் மெலிந்து,
மறுபடி தடிக்கும் எட்டுப்பட்டைக் குழல்.
செய்தவன் பெயர் இருந்த இடத்தில் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்.
வலப்பக்கம், விசைக் காப்புக்கு முன்னால், சின்னதாய் ஒரு வெள்ளி மீன்.
கீழே அட்டையில்: மான் வேட்டைக்குப் பயன்பட்டது.
மான் மட்டுமா என்று கேட்டேன் ஒருநாள்.
ஊசி ஒரு கண்ணியைத் தவறவிட்டது.
"அட்டையில் அவ்வளவுதான் இடம்" என்றார்.

எனக்குத் தொழில் பொய்ப்பல்.
பெர்க்ஸ் கவுண்டியில் பாதிப் பேர் என் பல்லால்தான்
சோளக்கதிர் கடிக்கிறார்கள்.
நகலுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே:
அழகு பிறகு. முதலில் கடிக்க வேண்டும்.

பனிக்காலம் முழுக்க கராஜில் கிடந்தேன்.
புலிவரி ஓடிய மேப்பிள் மரம்,
உளியை எந்தப் பக்கம் வைத்தாலும் முறைக்கும்.
குழலில் விளக்குக்கரி பூசு, பள்ளத்தில் அமுக்கு,
எடு, கரி ஒட்டிய இடத்தைச் சுரண்டு.
பூசு, அமுக்கு, எடு, சுரண்டு.
பல் பொருத்துவதும் இதே வேலை,
அங்கே நீலத் தாள், இங்கே கரி.
ஆள் கத்துவான், மரம் கத்தாது.

பிப்ரவரியில் கெஜக்கோலுக்குத் துளை போட்டேன்.
நான்கடித் துரப்பணம். உள்ளே போன பிறகு
எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது.
கிளேட்டன் மோயர் கட்டையில் காதை வைத்துக் கேட்டான்:
"நேராத்தான் போகுது, வெர்னா."
நேராகத்தான் போனது. நேராக வெளியே.
இடப்பக்க மரத்தைக் கிழித்துக்கொண்டு
எட்டிப் பார்த்தது இரும்பு மூக்கு.

ஒன்பது நாள் கராஜ் கதவைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் செவ்வாய்.
அளக்க ஒன்றும் மிச்சமில்லை, சும்மா போனேன்.
அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏன் ஒரு பக்கம் மட்டும்? ஏன் அங்கே?
பையிலிருந்த கண்ணாடிக் குச்சியைத் திருப்பிப் பிடித்து
அதன் காம்பால் மெல்லத் தட்டினேன்,
சொத்தைப் பல்லைத் தட்டுவதுபோல.
டொக்.
பக்கத்து மரத்தில் தட்டினேன். டக்.
மீனில் மறுபடி. டொக்.
பின்னல் நின்றுவிட்டது.
"என்ன?" என்றார் திருமதி ஃபென்ஸ்டர்மாக்கர்.
"ஒன்றுமில்லை, அவனுக்கும் வழுக்கியிருக்கிறது" என்றேன்.

நகல் என்றால் வலப்பக்கம் மீன் வேண்டும்.
ஓட்டையோ இடப்பக்கம்.
பல்லுக்கு வைத்திருந்த வெள்ளியை வெட்டி
ஒரு கடைவாய்ப்பல் செய்து பதித்தேன், இரண்டு வேரோடு.
கிளேட்டன் அதை டூலிப் பூ என்கிறான்.
இருக்கட்டும்.

அடிக்கட்டையில் கன்னம் பட்டுத் தேய்ந்த பள்ளத்தையும்
முதலில் வரைந்து வைத்திருந்தேன். செதுக்கவில்லை.
அது வேறு யாரோ பட்ட பாடு.

ஆணி கரைத்த அமிலம் பூசினால்
மரம் நோயாளிபோல் பச்சை பூக்கும்.
பயப்படக் கூடாது. சூடு காட்டினால் சிவக்கும்.
பயந்தேன். சிவந்தது.

மே மாதம், மோயரின் பழைய கல்குவாரி.
மருந்து, எண்ணெய்த் துணி, ஈயக் குண்டு,
கெஜக்கோலால் ஒரே இடி.
குதிரையை ஏற்றினேன், விசையைத் தொட்டேன்.
கிண்ணத்தில் பளிச். அவ்வளவுதான்.
பற்றுவாய் அடைத்திருந்தது.
வேர்ச் சிகிச்சை ஊசியால் குத்தி எடுத்தேன்,
எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை.

இரண்டாம் முறை தோள் நகர்ந்தது.
அழுகிய முட்டை நாற்றம், வெள்ளைப் புகை,
அதற்கப்பால் குவாரியே இல்லை.
பட்டதா பார்க்கிறேன் என்று
கிளேட்டன் புகைக்குள் நடந்து போனான்.

அறுபது கஜம்தான்.
பிளாஸ்கிலிருந்த வெந்நீரைக் குழலில் ஊற்றி
நான் கழுவத் தொடங்கிவிட்டேன்.
கறுப்பாய் வருகிறது தண்ணீர்,
இன்னும் கறுப்பாய்.